மரக்காணம் வரை தூங்கிப்போன என் மகள்

அபி, தினேஷ், இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். நம் வழிபாட்டு மன்றத்தில் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒருவர் வியாதி தீர்ந்ததை எழுதினார். இன்னொருவர் கோர்ட்டில் ஜெயித்ததை எழுதினார். நம் வீட்டில் நடந்தது அவ்வளவு பெரியதா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பெரியதுதான். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வெளி ஆட்களும் படிப்பார்கள் என்பதால் அபியை அபி என்றே எழுதுகிறேன். அவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாது.

அபிநயா என் மூத்த பிள்ளை, தினேஷ் அவள் தம்பி. காலாப்பட்டுப் பக்கம் ஒரு காலேஜில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். என் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். நான் குட்டியானை வண்டியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறேன். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வீடு கருவடிக்குப்பத்தில்.

முதல் இரண்டு வருடம் பெரிதாகக் கஷ்டம் தெரியவில்லை. போனாள், வந்தாள், படித்தாள். மூன்றாம் வருடம் பிறந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து அவள் தலையில் உட்கார்ந்துகொண்டது. பாடம் ஒரு பக்கம். லேப், டெஸ்ட், ரெக்கார்டு என்று அது முடிவதே இல்லை. அடுத்த வருடம் கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்க வரும், அதற்கு இப்போதே தயாராக வேண்டும் என்று சனி ஞாயிறு டவுனில் ஒரு கோச்சிங். அது போதாது என்று மாணவர் மன்றத்துக்கு அவளையே செயலாளர் ஆக்கினார்கள். ஏதாவது விழா என்றால் மேடை, மைக், விருந்தாளி, சாப்பாடு எல்லாம் அவள் பொறுப்பு.

எனக்கும் என் மனைவி செல்விக்கும் ஒரே பெருமை. கேன் போடுகிற வீடுகளில் எல்லாம் சொல்லிவிட்டேன். எம்பொண்ணு செயலாளர், எம்பொண்ணு கோச்சிங் போறா என்று.

செல்வி வீராம்பட்டினத்தில் பிறந்தவள். அம்மன் தேர் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு எது வேண்டுமானாலும் ஒரு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து அம்மன் படத்தில் கட்டிவிடுவாள். காரியம் நடந்ததும் கோயிலுக்குப் போய் முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போடுவாள். அபிக்காக மூன்று துணி கட்டினோம். படிப்பு நல்லபடி முடிய ஒன்று. வேலை கிடைக்க ஒன்று. எடுத்த பதவியில் பேர் கெடாமல் இருக்க ஒன்று. மூன்றையும் கட்டிவிட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். அவள் தூங்கினாளா என்று பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அபி மெதுவாகக் கேட்டாள்.

"ம்மா, எதனா ஒண்ண வுட்டுடட்டுமா?"

"எத வுடப் போற?"

"எதையாவது. மூணும் முடியலம்மா."

செல்வி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மனுக்கு முடிஞ்சாச்சு அபி. மூணுக்கும் துணி தொங்குது. நடுவுல வுட்டா தெய்வக் குத்தம் ஆயிடும். ஒனக்கு ஒண்ணுன்னா யாரு தாங்கறது?"

அபி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். "அம்மா சொல்றது சரிதானம்மா. இன்னும் ஒரு வருஷம். பல்லக் கடிச்சிக்கோ" என்றேன்.

"அக்கா, பேசாம அம்மன்கிட்டயே டிசி வாங்கிடு" என்றான் தினேஷ். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

கேட்காமல் போனதுதான் எனக்குப் பிறகு உறுத்தியது. தட்டில் சோறு இருக்கும், கையைத் தட்டில் வைத்தபடியே தூங்கிவிடுவாள். தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் "ஒண்ணும் இல்லப்பா" என்பாள். நானும் காலையில் இருந்து கேன் தூக்கிவிட்டு வருகிறவன். எனக்கு இடுப்பு வலி, அவளுக்குப் படிப்பு வலி, எல்லோருக்கும் ஒரு வலி இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மாசி மாதம் ஒரு நாள் காலையில் அவளைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடும்போது சொன்னாள்.

"ப்பா, யாருக்கும் தெரியாத ஊருக்குப் போயி படுத்துக்கணும் போல இருக்குப்பா. யாரும் தேடக் கூடாது."

நான் விளையாட்டாக, "போகும்போது ரெண்டு கேன் தண்ணி எடுத்துக்கினு போ" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை அவளுக்கு மூன்றும் ஒரே நாளில் வந்தது. காலையில் டெஸ்ட். மதியம் மாணவர் மன்றத்தில் ஒரு பேச்சுப் போட்டி, அதற்குச் சென்னையிலிருந்து ஒரு நடுவர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கம்பெனியில் பயிற்சி வேலைக்கு இன்டர்வியூ. வீட்டில் உட்கார்ந்தே லேப்டாப்பில் பேச வேண்டும். அதற்காகச் செல்வி வீட்டைப் பெருக்கி, சுவரில் தொங்கிய துணிகளை எல்லாம் எடுத்து, நாற்காலிக்குப் பின்னால் ஒரு நல்ல போர்வையைக் கட்டி வைத்திருந்தாள்.

நடுவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அபி மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் லாஸ்பேட்டையில் கேன் இறக்கிக்கொண்டிருந்தேன். செல்வி போன் செய்தாள்.

"என்னாங்க, அபி இன்னும் வரல. போனு சுச்சாப்னு வருது."

"பஸ்சு லேட்டாயிருக்கும்."

"எவ்ளோ லேட்டாவும்? இன்டர்வியூ இருக்குதுன்னு தெரிஞ்ச பொண்ணு இப்படிப் பண்ணுமா?"

அவள் குரலில் அழுகை வந்துவிட்டது. எனக்கு உடனே அந்தப் பஸ் நிறுத்தத்துப் பேச்சு ஞாபகம் வந்தது. யாரும் தேடக் கூடாது என்று சொன்னாளே. மீதிக் கேனை இறக்காமல் வண்டியைக் காலாப்பட்டுக்கு விட்டேன். வழி நெடுக ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கிற பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். அவர்களில் அவள் இல்லை.

காலேஜ் கேட்டில் அவளுடைய தோழி ஒருத்தி நின்றாள். "அபி அப்பவே போயிட்டாளே அங்கிள், சாரை பஸ் ஏத்திவிடப் போனா, அப்படியே கெளம்பறேன்னு சொன்னா" என்றாள். செக்யூரிட்டியும் ஒரு பெண் பஸ் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். எந்தப் பஸ், எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியவில்லை.

அங்கிருந்து கடல் தூரம் இல்லை. காற்றில் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து வண்டியில் ஏறினேன். ஒரு அப்பன் மனதில் அப்போது என்னென்ன வரும் என்று நான் எழுத மாட்டேன். பிள்ளைகள் படிப்பதற்கு அது வேண்டாம்.

வண்டியை ரோட்டோரம் நிறுத்தினேன். ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். இத்தனை வருடமாக அம்மனிடம் எது கேட்டாலும் பதிலுக்கு ஒன்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இது நடந்தால் அது செய்கிறேன் என்று. அன்றைக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. முடிய மஞ்சள் துணியும் இல்லை. "தாயே, படிப்பு வாணாம், வேல வாணாம், பேரு வாணாம். எம்பொண்ணக் கொண்டாந்து சேத்துடு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கம் எல்லாம் இல்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். எங்கே போய்த் தேடுவது என்று தெரியாதவன் வேறு என்ன செய்வான்?

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அபி அப்பாவா?" பொம்பளைக் குரல்.

"ஆமாங்க. யாருங்க?"

"நா யாரா இருந்தா என்னா. ஒம்பொண்ணு எங்கூட இருக்குது. பயப்படாத. மரக்காணத்துல இருக்கறோம்."

"மரக்காணத்துலயா? அங்க எதுக்கு..."

"அத ஒம்பொண்ணக் கேளு. ஏன்யா, புள்ளைக்குச் சோறு போடறியா, இல்ல புஸ்தகத்தக் கரைச்சி ஊத்தறியா?"

நான் அழுதுவிட்டேன். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். செல்விக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பின்னால் கேன்கள் உருண்ட சத்தத்தில் ரோடே திரும்பிப் பார்த்தது.

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் அபி உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு அக்கா, காலடியில் மீன் விற்ற காலி அலுமினிய அன்னக்கூடை. என்னைப் பார்த்ததும் அபி எழுந்தாள். வாயில் போண்டாவோடு அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"ப்பா, இன்டர்வியூ போச்சுப்பா."

"போவட்டும்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்த்திருப்பாள். "போவட்டும்மா" என்று மறுபடியும் சொன்னேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். "அழுவட்டும் வுடுங்க, அப்பதான் எறங்கும்" என்றார் அந்த அக்கா.

அந்த அக்கா பெயர் தனபாக்கியம். கூனிமேட்டுக் குப்பத்து ஆள். புதுச்சேரியில் மீன் விற்றுவிட்டுப் பஸ்ஸில் திரும்புகிறவர். அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். முன் சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் நடுவில் இருந்த அபி தூங்கிவிட்டாள். தலை மறுபடியும் அந்த அக்கா தோளில்தான்.

நடந்ததை அவர்தான் சொன்னார். நடுவரை ஏற்றிவிட அபி சென்னைப் பஸ் நிற்கிற பக்கம் நின்றிருக்கிறாள். அவர் ஏறிப் போனதும், ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வர வேண்டும் என்பதுகூட நினைவில் வரவில்லை. அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"மீன் நாத்தம்னு எம்பக்கத்து சீட்டு எப்பவும் காலியாத்தான் கெடக்கும். இது வந்துச்சு, ஒக்காந்துச்சு, அவ்ளோதான், தல எந்தோள்ல. கண்டக்டரு வந்து டிக்கெட்டுன்னான். தூங்கற புள்ளைய எழுப்பாதடா, பையப் பாரு மூட்ட மாதிரி, மெட்ராசுக்குத்தான் போவும், அப்பறமா வாங்கிக்கன்னேன்."

"நீங்க கூனிமேட்லயே எறங்கியிருக்கணுமேக்கா?"

"எறங்கணும்தான். நா எழுந்தா இது தல கம்பில போயி இடிக்கும். நானும் ரெண்டு பொண்ணு பெத்தவ. இப்படி ஒரு தூக்கத்தப் பாத்ததில்ல. செத்த நேரம் தூங்கட்டும்னு ஒக்காந்துட்டேன். என்னா, ஒரு பஸ்சு திரும்பி வரணும். அதான?"

மரக்காணம் நெருங்கும்போது கண்டக்டர் வந்து எழுப்பியிருக்கிறார். அபி கண்ணைத் திறந்து, "கருவடிக்குப்பம் ஒண்ணு" என்றாளாம். பஸ்ஸே சிரித்திருக்கிறது. பிறகு அவள் அழ ஆரம்பித்ததும் யாரும் சிரிக்கவில்லை. இந்த அக்காதான் கூடவே இறங்கி, "மொதல்ல துன்னு, அப்பறமா போன் பண்ணு" என்று உட்கார வைத்திருக்கிறார். அபியின் போன் சார்ஜ் போய்ச் செத்துக் கிடந்தது.

கூனிமேட்டில் இறக்கிவிட்டேன். ஏதாவது கொடுக்கலாம் என்று பாக்கெட்டில் கை வைத்தேன். "கைய எடு" என்றார். அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "நாளைக்கு இத ஸ்கூலுக்கு அனுப்பாத" என்றார்.

"ஸ்கூல் இல்லக்கா, காலேஜ்."

"எந்தக் கருமமோ. அனுப்பாத."

வழிபாட்டு மன்றத்தில் இதை வாயால் சொன்னபோது சிலர், அம்மனே மீன்காரி வேஷத்தில் வந்தாள் என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மனுக்கு ஊர் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டிய அலுப்பு கிடையாது. நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துவிட்டு, தன் வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல், யாரோ பெற்ற பிள்ளைக்குத் தோளைக் கொடுத்தவர் தனபாக்கியம் அக்காதான். அந்தப் புண்ணியம் அவருடையது. அவர் பக்கத்தில் ஒரு சீட்டைக் காலியாக வைத்தது என் தாய். இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

மறுநாள் அபி மதியம் வரை எழுந்திருக்கவில்லை. நாங்கள் காலேஜுக்கு அனுப்பவில்லை. செல்வி அம்மன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நேத்து ரோட்ல நின்னு என்னா வேண்டிக்கினீங்க?"

"கொண்டாந்து சேத்துடுன்னேன்."

"என்னா முடிஞ்சீங்க?"

"ஒண்ணும் முடியல. ரோட்ல துணிக்கு எங்க போறது?"

அவள் நிமிர்ந்து படத்தில் தொங்கிய துணிகளைப் பார்த்தாள். "நானும் ஒண்ணும் முடியல. அழுதுகினு ஒக்காந்திருந்தேன், அவ்ளோதான். அப்பிடியும் குடுத்துட்டா பாத்தீங்களா" என்றாள்.

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மூன்று துணியையும் அவளே கழற்றினாள். தெய்வக் குற்றம் என்று சொன்ன அதே செல்வி. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான்கு பேரும் வீராம்பட்டினம் போனோம். காரியம் எதுவும் நடக்கும் முன்பே முடிச்சுகளை அவிழ்த்து உண்டியலில் போட்டோம். செல்வி சன்னதியில் நின்று, "தாயே, இந்தப் பொண்ணு தலைல நாங்க ஏத்தினத நாங்களே எறக்கிக்கறோம். கோச்சுக்காத. எது குடுக்கணுமோ நீ பாத்துக் குடு" என்றாள். அபி தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாதம் முழுக்க அவள் முகத்தில் பார்க்காத ஒரு தெளிவை அப்போது பார்த்தேன்.

வெளியே வந்ததும், "எத வுடணும்னு நீயே சொல்லு" என்றேன். மாணவர் மன்றத்தை விடுவாள் என்று நினைத்தேன். அவள் சனி ஞாயிறு கோச்சிங்கை விடுகிறேன் என்றாள்.

"ஏம்மா, வேலைக்கு அதுதான முக்கியம்?"

"காலேஜ்லயே சொல்லித் தராங்கப்பா. அது போதும். மன்றத்த வுடச் சொல்லாத. அங்கதான்ப்பா நா சிரிக்கிறேன்."

சரி என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள், அப்புறம் அபிக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது என்று எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் கம்பெனிக்கு அபி நடந்ததை எழுதிக் கேட்டாள். அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை. இந்த செமஸ்டரில் ஒரு பாடத்தில் மார்க்கும் குறைந்திருக்கிறது. எனக்குப் பயம் போய்விட்டது என்றும் பொய் சொல்ல மாட்டேன். கேன் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது அந்தப் பயமும் கூடவே ஏறுகிறது. ஆனால் அபி சனி ஞாயிறு தூங்குகிறாள். தட்டில் போட்ட சோற்றைச் சாப்பிட்டு முடிக்கிறாள். தம்பியோடு சண்டை போடுகிறாள். நான் கேட்டது அவளை. கேட்டதைத் தாய் கொடுத்துவிட்டாள். மீதியையும் அவளே பார்த்துக்கொள்வாள்.

தினேஷ், அடுத்த வருடம் நீயும் காலேஜுக்குப் போவாய். உனக்கும் இப்படி ஒரு மூன்றாம் வருடம் வரும். முடியவில்லை என்றால் அப்பாவிடம் சொல். நான் முதல் தடவை சிரித்துவிட்டால் இரண்டாம் தடவையும் சொல். நம் வழிபாட்டு மன்றத்துப் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்காக நிறைய வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டுதல் பிள்ளைக்குப் பாரமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாயிடம் வெறும் கையோடு போய் நிற்கலாம். நான் நின்றிருக்கிறேன். அவள் என்ன கொண்டு வந்தாய் என்று கேட்கவில்லை.

வீராம்பட்டினம் போய் வந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நம் தெருக் கோயிலில் விடியற்காலைப் பாட்டுப் போடுவது என் முறையாக வந்தது. தெருவே இருட்டாக இருந்தது. கோயில் மேல் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர் நேராக நம் வீட்டு ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கும். யாரையும் எழுப்பாமல் ஏணியைச் சாத்தி நான் மட்டும் ஏறினேன். கட்டுக்கம்பியைத் தளர்த்தி, குழாயின் வாயைக் காலி மனைப் பக்கம் திருப்பி, மறுபடியும் இறுக்கினேன். கீழே இறங்கி, அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பாட்டைப் போட்டேன். காலி மனையில் படுத்திருந்த மாடுகள் எழுந்து நின்றன. நம் வீட்டு ஜன்னலில் விளக்கு எரியவில்லை. அது எரியாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே, பாட்டு முடிகிறவரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.